கடல் பக்கம் வாசல் வைத்த ஊர்கள்

ஜெனோவாவுக்கு நாங்கள் முதலில் போனது ரயிலில். மிலானிலிருந்து கிளம்பிய வண்டி மலைக்குகைகளுக்குள் புகுந்து புகுந்து வெளிவந்து, கடைசியில் அடுக்குமாடி வீடுகளின் பின்பக்கமாக ஊர்ந்து போய் நின்றது. கொடியில் காயும் துணிகள், சுவரெல்லாம் கிறுக்கல், தலைக்கு மேலே ஒரு துண்டு வானம். "இதுதான் கொலம்பஸ் ஊராம்மா?" என்று ஐந்தாம் வகுப்பு முடித்த மகன் கேட்டான். எனக்கும் ஏமாற்றம்தான். எட்டாம் நாள் காலையில் அதே ஊருக்கு இன்னொரு முறை வந்தோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, வல்லெட்டா, நடுவில் ஒரு முழுநாள் கடல், பிறகு பார்சிலோனா, மார்செய், மறுபடி ஜெனோவா. மேற்கு மத்தியதரைக் கடலைச் சுற்றும் ஏழு இரவுப் பயணம் இது. கப்பல் என்றாலே நீச்சல்குளம், நாடகக் கொட்டகை, நேரம் காலமில்லாத சாப்பாடு என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. அவை எல்லாம் இருந்தன, பிள்ளைகள் அனுபவிக்கவும் செய்தார்கள். ஆனால் அவற்றுக்காக ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. அந்தக் கரையில் இருக்கும் பழைய ஊர்கள் எல்லாம் கடல் பக்கம் வாசல் வைத்துக் கட்டியவை. கோட்டை, கோயில், கலங்கரை விளக்கம் எல்லாமே கடலில் வருகிறவரைப் பார்த்து நிற்கின்றன. விமானத்திலும் ரயிலிலும் போகிறவர்கள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். கப்பல் ஒன்றுதான் முன்வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நம் பிள்ளைகளின் விடுமுறை இதற்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கிறது. ஐரோப்பியப் பள்ளிகள் கோடை விடுமுறை விடுவது பெரும்பாலும் ஜூனிலும் ஜூலையிலும். அதன் பிறகு கப்பல் கட்டணம் ஏறும், ஊர்கள் நிரம்பி வழியும், ஆகஸ்ட் வெயிலில் பொம்பெயி போன்ற நிழலில்லாத இடத்தில் பிள்ளைகளோடு நடப்பது பெரும்பாடு. நமக்கோ மே மாதமே விடுமுறை. வெயில் இதமாக இருக்கும், இரவு எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கடல்நீர் மட்டும் இன்னும் குளிர் விடாமல் இருக்கும். கடலில் குளிப்பதையே கனவாக வைத்திருக்கும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விசா வேலையைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்கும் சின்னவர்களுக்கு இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். நாங்கள் போன நான்கு நாடுகளும் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒரே விசா போதுமானதாக இருந்தது. உங்கள் கப்பல் துனிசியாவையோ துருக்கியையோ தொட்டு வருவதாக இருந்தால் பலமுறை நுழையும் விசா கேளுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் திரும்பி ஏறும்போது சிக்கல்.

அறை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. பால்கனிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஜன்னலில்லாத உள்ளறை, மேலிருந்து இறங்கும் மடக்குக் கட்டில்களில் பிள்ளைகள், அவ்வளவு போதும். ஊர் கண்ணில் படும் நேரத்தில் நீங்கள் இருக்க வேண்டிய இடம் மேல்தளத்தின் முன்பக்கம். பால்கனி ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும்.

கப்பல் புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லோரும் போயாக வேண்டும். பிள்ளைகள் சிணுங்கினார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்ததை மகளிடம் சொன்னேன். அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் புறப்படுவதற்கு முன்பே, தவறினால் புறப்பட்டவுடனே, பயிற்சி நடந்தாக வேண்டும் என்று உலக விதி மாறியது. மகள் லைஃப் ஜாக்கெட் வாரைத் தானே இழுத்துப் பார்த்து, தம்பிக்கும் மாட்டிவிட்டாள்.

மறுநாள் நேப்பிள்ஸ். வெசுவியஸ் மலை முதலில் தெரிந்தது, ஊர் அப்புறம்தான். கப்பல் நிற்பது நகரின் நடுவில், பழைய கோட்டைக்கு எதிரிலேயே. அங்கிருந்து ரயில் பிடித்தால் முக்கால் மணிக்குள் பொம்பெயி. நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் இப்போது அனுமதியில்லை, சீட்டிலும் பெயர் இருக்க வேண்டும். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊரின் மூன்றில் ஒரு பங்கு இன்னமும் தோண்டப்படாமல் கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்தது மாளிகைகள் அல்ல, தெரு. தெருவைக் கடக்கப் போட்ட உயரமான கற்கள், அவற்றின் இடைவெளியில் வண்டிச் சக்கரம் போன தடம், கடை வாசலில் சூடான சாப்பாட்டுக்கான பானைகள் பதித்த மேடை. மகன் அந்தக் கற்களின் மேல் கால் வைத்துத் தெருவை ஏழெட்டு முறை கடந்திருப்பான்.

அந்த மேடையின் பக்கத்தில் உட்கார்ந்து அரிக்கமேட்டைப் பற்றிச் சொன்னேன். புதுச்சேரியை ஒட்டி அங்கே தோண்டியெடுத்த ரோமானிய மது ஜாடிகளில் சில, இந்த நேப்பிள்ஸ் விரிகுடாவின் கரையில் சுட்டவை. ஜாடியின் களிமண்ணில் கலந்திருக்கும் எரிமலைக் கருமணலே அதற்குச் சாட்சி. இங்கிருந்து மது போனது, நம் பக்கத்திலிருந்து மிளகு வந்தது. ரோமாபுரியில் மிளகுக்கென்றே தனிக் கிடங்கு கட்டியிருந்தார்கள். பொம்பெயியிலும் 1938-இல் ஒரு வீட்டில் இந்தியத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது, அது இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த யவனர் வணிகம், காலடியில் கருமணலாகக் கிடந்ததும் மகளுக்கு உறைத்தது. குனிந்து ஒரு பிடி எடுத்தவள், கொண்டுபோகக் கூடாது என்றதும் அங்கேயே உதிர்த்துவிட்டாள்.

அன்றிரவு தூக்கத்தைத் துறக்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். நேப்பிள்ஸிலிருந்து மெசினா போகும் வழியில் ஸ்ட்ரோம்போலி இருக்கிறது. மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று அதற்குப் பெயர். ஓயாமல் சிறிது சிறிதாக வெடித்துக்கொண்டிருக்கும் எரிமலைத் தீவு. எந்த நேரத்தில் கடப்போம் என்று வரவேற்பு மேசையில் கேட்டுவைத்து, அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளைகளைப் போர்வையோடு மேல்தளத்துக்கு அழைத்துப் போனோம். இருட்டில் கறுப்பாக ஒரு கூம்பு. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு உச்சியில் ஒரு சிவப்புப் பொறி எழுந்து, சரிவில் சிந்தி, அணைந்தது. எங்களைத் தவிர மேலே ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

விடியும்போது கப்பல் மெசினா நீரிணைக்குள் இருந்தது. குறுகிய இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான் அகலம், ஒரு பக்கம் சிசிலி, மறுபக்கம் இத்தாலியின் கால்விரல். சின்னப் படகு ஒன்று கப்பலை ஒட்டி வந்தது. பக்கவாட்டில் தொங்கவிட்ட ஏணியைப் பிடித்து பைலட் ஏறினார். இந்த நீரோட்டம் அறிந்த உள்ளூர்க்காரர் துணையில்லாமல் எவ்வளவு பெரிய கப்பலும் உள்ளே வருவதில்லை என்று கணவர் மகனுக்கு விளக்கினார்.

மெசினாவைப் பலர் அவசரமாகக் கடந்து டவோர்மினாவுக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். நாங்கள் ஊரிலேயே இருந்தோம். துறைமுகம் அரிவாள் போல் வளைந்தது. அதனால்தான் கிரேக்கர் இதை முதலில் ஜாங்க்ளே என்று அழைத்தார்கள், அரிவாள் என்று பொருள். வளைவின் நுனியில் உயர்ந்த தூணின் மேல் பொன்னிறத்தில் மாதா நிற்கிறாள், உங்களுக்கும் இந்த ஊருக்கும் ஆசி என்ற பொருளில் கீழே லத்தீன் எழுத்து. உள்ளே வருகிற ஒவ்வொரு கப்பலும் அவள் காலடியைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும்.

1908 டிசம்பர் 28 அதிகாலையில் நிலநடுக்கமும், பின்னாலேயே கடலும் வந்து இந்த ஊரை அநேகமாக முழுவதுமாக அழித்தன. டிசம்பர் கடைசி, கடல் என்ற இரண்டு சொல் போதும் எனக்கு. 2004-இல் சென்னையில் இருந்தவள் நான். என் பிள்ளைகளுக்கு அது பிறப்பதற்கு முந்தைய கதை. கரையோர பெஞ்சில் அமர்ந்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி முதல்முறையாக அவர்களிடம் முழுதாகப் பேசினேன். பிறகு பன்னிரண்டு மணிக்குப் பேராலயக் கோபுரத்தின் கீழே போய் நின்றோம். திரும்பக் கட்டிய ஊருக்காக 1933-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக் கடிகாரக் கம்பெனி செய்துகொடுத்த கடிகாரம் அது. நண்பகலில் சிங்கம் உறுமுகிறது, சேவல் சிறகடித்துக் கூவுகிறது. கூடியிருந்தவர்களில் உள்ளூர்க் கிழவர்களும் இருந்தார்கள், நாள்தோறும் கேட்டும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.

ஏழு நாளில் ஒரே ஒரு விடியலுக்குத்தான் எழுந்திருப்பேன் என்று சொல்பவர் வல்லெட்டாவுக்கு எழட்டும். வலப்பக்கம் செயின்ட் எல்மோ கோட்டை, இடப்பக்கம் ரிக்காசோலி கோட்டை, நடுவே கப்பல் நுழைகிறது. முதல் வெயிலில் சுண்ணாம்புக்கல் மதில்கள் தேன் நிறமாகின்றன. 1565-இல் உஸ்மானியப் படை நான்கு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத மால்டா தீவு இது. மறு ஆண்டே, தீவைக் காத்து நின்ற செயின்ட் ஜான் வீரர்கள் இந்த நகரத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். எங்கிருந்து கடல்வழி படை வரும், எந்த மதிலிலிருந்து எந்த மதிலுக்குப் பீரங்கி பாயும் என்று பிள்ளைகள் மேல்தளத்திலிருந்தே கணக்குப் போட்டார்கள். ஊருக்குள் செயின்ட் ஜான் ஆலயத்தில், கரவாஜியோ 1608-இல் வரைந்த திருமுழுக்கு யோவான் தலை துண்டிக்கப்படும் ஓவியம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தால் எழுதியதுபோல் அந்தப் பெயர். மகள் அதன் முன்னாலிருந்து நகர மறுத்தாள். மகனைக் கூட்டிக்கொண்டு கணவர் பீரங்கி முழக்கம் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு கடல் மட்டுமே உள்ள நாள். சலிப்பார்கள் என்று பயந்தேன். வல்லெட்டாவில் படகுத்துறைப் படிகள் தண்ணீரை ஒட்டியே இருந்தனவே, அலை ஏறாதா என்று மகன் கேட்டதில் பொழுது போனது. இந்தக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. வெயிலில் ஆவியாகும் நீர் ஆறுகள் கொண்டுவருவதைவிட அதிகம், அந்தக் குறையை ஜிப்ரால்டரின் 14 கிலோமீட்டர் வாசல் வழியாக அட்லாண்டிக் நிரப்புகிறது. அதனால் உப்பும் அதிகம். ஊட்டச்சத்து குறைந்த நீர் என்பதால்தான் இவ்வளவு தெளிந்த நீலம். அழகாகத் தெரிவது மீனுக்கு வறுமை என்பது மகளுக்குப் பிடிக்கவில்லை.

பார்சிலோனா கடலுக்கு முதுகு காட்டி வாழ்ந்த ஊர். ரயில்பாதையும் தொழிற்சாலைகளும் கரையை அடைத்திருந்தன. 1992 ஒலிம்பிக்கை முன்னிட்டுத்தான் அவற்றை அகற்றிக் கடற்கரையை மக்களுக்குத் திறந்தார்கள். திறந்த அந்த வாசலில் இன்று கூட்டம் தாங்கவில்லை. 2024 கோடையில் ஊர்க்காரர்கள் சுற்றுலாப் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கி பீய்ச்சிப் போராடினார்கள். 2025 ஜூலையில் நகராட்சியும் துறைமுகமும், ஏழு பயணிகள் கப்பல் முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. வெனிஸ் 2021-லேயே பெரிய கப்பல்களைத் தன் நடுக்கால்வாயிலிருந்து விலக்கிவிட்டது. 2025 மே முதல் இந்தக் கடல் முழுவதும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி வந்ததும் நல்லதே.

இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கப்பலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். காலையில் கூட்டமாக இறங்கி, படம் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பினால் அந்த ஊருக்கு மிஞ்சுவது நெரிசல் மட்டும்தான். விருந்தாளியாகப் போகிற வீட்டில் கை நனைக்காமல் வருவது நம் வழக்கம் இல்லை. மதியம் ஊரில்தான் சாப்பிடுவது என்று முதல் நாளே முடிவெடுத்திருந்தோம். சைவத்துக்குக் குறையே இல்லை. பார்சிலோனாவில் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி. மார்செயில் கடலைமாவைக் கிளறி ஆறவைத்து வெட்டிப் பொரித்த பனிஸ். ஜெனோவாவில் அதே கடலைமாவைத் தாம்பாளத்தில் ஊற்றிச் சுட்ட ஃபரினாட்டா. அம்மா செய்யும் அடை மாதிரி இருக்கிறது என்று மகன் மூன்று துண்டு தின்றான்.

மார்செய்க்கு வயது 2,600. கி.மு. 600 வாக்கில் கிரேக்க மாலுமிகள் கண்டுபிடித்த குடா அது. இன்றைய பெரிய கப்பல்கள் தள்ளித்தான் நிற்கின்றன. ஆனால் பழைய துறையில் காலையில் படகிலிருந்து இறக்கிய மீனைக் கரையிலேயே விற்கிறார்கள், காசிமேட்டுக்காரிக்கு அந்தக் குரல்கள் அந்நியமாக இருக்காது. சூயஸ் வழியாகப் புதுச்சேரிக்குக் கப்பல் கிளம்பிய ஊரும் இதுதான். குன்றின் மேல் நோத்ர் தாம் தெ லா கார்த் ஆலயத்தின் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன. புயலில் பிழைத்தவர்கள் மாதாவுக்குச் செலுத்திய நேர்ச்சை. பக்கத்தில் பளிங்கில் நன்றி என்ற ஒரே சொல், ஆண்டு மட்டும்.

எட்டாம் நாள் ஆறு மணிக்கே நால்வரும் முன்தளத்தில் இருந்தோம். முதலில் மலைவரிசை, பிறகு அதன் மடியில் விளக்குகள். மகள்தான் லாந்தர்னாவைக் கண்டுபிடித்தாள். 1543-இல் கட்டிய 77 மீட்டர் கலங்கரை விளக்கம், விடிந்த பிறகும் சுழன்றுகொண்டிருந்தது. கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் ஊர் அரைவட்டமாக விரிந்தது, நாடகக் கொட்டகையின் படிவரிசை போல. மஞ்சள், செம்மண் நிற வீடுகள். சில சுவர்களில் இல்லாத ஜன்னல்களைக்கூட வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். நாங்கள் வந்திறங்கிய ரயில் நிலையம் துறைமுகத்துக்கு மேலே, நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

"அந்த வீடுங்கதான், ரயில்ல பார்த்தோமே!" என்றான் மகன். பச்சைப் பலகை ஜன்னல் ஒன்று திறந்தது. யாரோ உள்ளேயிருந்து கப்பலைப் பார்த்தார்கள். அவன் கையை உயர்த்தி அசைத்துக்கொண்டே இருந்தான், கப்பல் கரையை அணையத் திரும்பும் வரை.