பலகை எவ்வளவு சாயலாம்?

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் செக் வீராங்கனை எஸ்தர் லெடெட்ஸ்கா, பனிச்சறுக்கில் ஒன்றும் ஸ்னோபோர்டில் ஒன்றுமாக இரண்டு தங்கம் வென்றார். ஸ்னோபோர்டில் அவர் வென்றது இணை ஜயன்ட் ஸ்லாலம். அந்தப் போட்டியாளர்களின் பாதங்கள் பலகைக்குக் குறுக்கே நிற்பதில்லை. முன்முனையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். காரணம் வெறும் வடிவியல்.

ஸ்னோபோர்டின் நடுப்பகுதி இரு முனைகளையும்விடக் குறுகலானது. அதனால் அதன் பக்க விளிம்பு ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக உள்வளைந்திருக்கிறது. பலகையைச் சாய்த்து அழுத்தினால் விளிம்பு பனியில் பதியும், பலகையும் வளையும், பாதையும் வளையும். வழுக்காமல் விளிம்பின் மீதே திரும்பும் இந்த வித்தைதான் கார்விங். விளிம்பின் ஆரம் 8 மீட்டர் என்றால், 60 டிகிரி சாய்வில் திருப்பத்தின் ஆரம் ஏறத்தாழ 4 மீட்டர். சாய்வு கூடக் கூடத் திருப்பம் இறுகும்.

அந்தச் சாய்வுக்கு முட்டுக்கட்டை போடுவது பூட்ஸ். 25 செ.மீ. அகலப் பலகையில் 30 செ.மீ. பூட்ஸை நேர்குறுக்காகப் பூட்டினால் இருபுறமும் 2.5 செ.மீ. வெளியே நீட்டும். ஆழச் சாயும்போது அது பனியில் இடித்து விளிம்பைத் தூக்கிவிடும், ஆள் விழுவார். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங்கை 30 டிகிரி திருப்பினால் குறுக்களவு சுமார் 26 செ.மீ. ஆகக் குறையும், நீட்டல் அரை செ.மீ.தான். பந்தயப் பலகைகள் இன்னும் ஒடுக்கமானவை. அவற்றில் கோணம் 60 டிகிரியைத் தொடுவதும் உண்டு.

சாதாரண மென்பூட்ஸ் அணிபவர் முன்காலுக்கு 30, பின்காலுக்கு 15 டிகிரி என்று தொடங்கலாம். இரு பாதங்களும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும் 'வாத்து நிலை' சாகசங்களுக்குத் தோது. கார்விங்கிலோ இடுப்பை முன்னோக்கித் திருப்ப விடாது. கோணத்தை மாற்றிய பிறகு விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சம அளவு நீட்டுகிறதா என்று பார்த்து, பைண்டிங்கை நகர்த்த வேண்டும். கெண்டைக்காலுக்குப் பின்னுள்ள முதுகுத்தட்டைச் சற்று முன்சாய்த்தால் குதிகால் பக்கத் திருப்பத்தில் விளிம்பு உடனே பிடிக்கும். ஆனால் மூட்டு வலித்தால் எந்தக் கணக்கும் செல்லாது. கோணங்களைத் தளர்த்தத்தான் வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சறுக்கிவிட்டுத் தடத்தைப் பாருங்கள். மெல்லிய ஒற்றைக் கோடு என்றால் விளிம்பு பிடித்திருக்கிறது. அகலமாகத் தேய்ந்திருந்தால் பலகை வழுக்கியிருக்கிறது. கோட்டையொட்டி இன்னொரு கீறல் இருந்தால் பூட்ஸ் இடித்திருக்கிறது, திருப்புளியை எடுக்கலாம்.