கிணறு உவர்த்தால்...

எங்கள் சீனன்குடாவில் பெண்கள் கூடினால் கிணற்றுக் கதைதான். "அக்கா, தண்ணி உவர்க்குது" என்பாள் ஒருத்தி. "மோட்டரைப் போட்டு இறைச்சு விடு" என்பாள் மற்றவள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2004 சுனாமி வேறு பாடம் சொன்னது. கிழக்குக் கரையில் கடல்நீர் புகுந்த கிணறுகளை அளவுக்கு மிஞ்சி இறைத்தபோது உவர் கூடியதும் உண்டு. கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் உப்புநீர் 40 அடிவரை மேலேறலாம். கிணறுகளை மெல்லத் தேற்றியது மாரி மழையே.

இன்று பூமி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்கிறது; மழையும் காலம் தப்புகிறது. சகோதரிகளே, இடம்பெயர்ந்து திரும்பிய எமக்குக் கிணறே முதற் சொத்து. வாளியால் அளவாக அள்ளுவோம். கூரைநீரைத் தாங்கியில் சேர்ப்போம். மிஞ்சியதை நிலத்துக்குள் இறக்குவோம்.