புளியந்தீவில் ஒரு நடை: கச்சேரி என்று நாம் சொன்ன கோட்டை

கோட்டை வாசலில் நின்று "இதுதான் ஒல்லாந்தர் கோட்டை" என்று நான் சொன்னதும் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது கச்சேரியெல்லா மனே. கோட்டையெண்டு எதுக்குச் சொல்றாய்?"

அவர் படுவான்கரைக்காரர். பாதையில் வாவியைக் கடந்து, சென்றிகளில் இறங்கி ஏறி, இந்த வாசலுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். இழப்பீட்டுப் படிவம், நிவாரண அட்டை, 1990இல் காணாமல் போன பெரியண்ணனைப் பற்றிய மனு. அந்த வருடங்களில் மதிலின் உயரத்தை அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

மட்டக்களப்பு நகரத்தின் பழைய கட்டடங்களைக் கால்நடையாகவே பார்த்துவிடலாம். புளியந்தீவு சிறியது. காலை 6 மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். இங்கிலாந்தில் சின்னக் கிராமங்களில்கூட ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நடந்து, இது இன்னாருடைய வீடு, இது பழைய பள்ளிக்கூடம் என்று காட்டிக்கொண்டு போவார். இலண்டனில் பெயர்பெற்றவர்கள் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பலகை பதிக்கும் திட்டம் 1866இலேயே தொடங்கிவிட்டது. நமக்கு அப்படி ஒரு பழக்கம் வரவில்லை. வருவதற்கான அமைதியும் கிடைக்கவில்லை.

கோட்டையிலிருந்தே தொடங்குவோம். 1602இல் ஒல்லாந்த மாலுமி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டி மன்னனைப் பார்க்கப் போனார். இங்கே கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். பத்தே வருடம்தான். 1638 மே மாதம் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

காலிக் கோட்டையை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கியது. அங்கே இன்று ஹோட்டல்களும் நகைக்கடைகளும். நம்முடைய கோட்டைக்குள் இருந்தவை கோவைகள் அடுக்கிய அலுமாரிகள். அண்மையில் மாவட்டச் செயலகம் திராய்மடுவில் கட்டிய புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. இனி இந்தக் கோட்டையின் கதையை யார் எழுதுவார்கள், அதில் வரிசையில் நின்றவர்கள் வருவார்களா என்பதுதான் என்னை நடக்க வைத்த கேள்வி.

கிழக்கில் 'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. ஆகவே பழசு எதையும் வெளியே சொல்லாமல் இருப்பதே நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்று கொள்வது 1815 மார்ச் 2க்கு முந்தியதை. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கோட்டை அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்கிறது. நகரத்தின் பள்ளிக்கூடங்களும் வீடுகளும் பாலமும் பின்னால் நிற்கின்றன. அவற்றைப் பாதுகாக்க வேண்டுமென்றால் யாராவது தனியாகக் கேட்டு அறிவிக்கச் செய்ய வேண்டும். கேட்பதற்கு முதலில் நாமே எழுதி வைத்திருக்க வேண்டும்.

வாவிக் கரையோடு வந்தால் காந்தி பூங்கா. அருகே வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலை. 1814இல் வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிகளில் ஒருவர். அடுத்த வருடம் ஏப்ரலில் இங்கேயே இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. அதற்குள் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

புனித மிக்கேல் கல்லூரியின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். தொடக்கம் 1873. இயேசு சபைக் குருமார் எழுப்பிய கட்டடம் அது. பிரெஞ்சுக்காரரான பொனல் அடிகளாரின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. சுவாமி விபுலானந்தர் படித்ததும் இங்கேதான். பிறகு அமெரிக்க இயேசு சபையினர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அருட்தந்தை யூஜின் ஹேபேர்ட். மாணவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஒரு தமிழ் இளைஞரும் இருந்தார். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. இதைச் சொன்னபோது பெரியம்மா, "வெள்ளைக்காரச் சாமியையே காணேல்லயெண்டா நம்மட புள்ளைகள ஆரு தேடுவா?" என்றார். அதற்குப் பிறகு ஒரு தெருவைக் கடக்கும்வரை அவர் பேசவில்லை.

புனித மரியாள் பேராலயத்துக்கு உள்ளேயும் போகலாம். பூசை நேரமாயின் ஓரமாக இருந்துகொள்ளுங்கள். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், இந்தக் கூரையின் கீழ்த்தான் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். சீயோன் தேவாலயமும் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். இந்த இடங்களில் கட்டடக்கலை பேச எனக்கு நா எழவில்லை.

பழைய வீடுகளைப் பார்ப்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. முதலில் கூரையைப் பாருங்கள். கள்ளிக்கோட்டை ஓடு என்று நாம் சொல்லும் தட்டையான ஓடு, 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை போட்ட பிறகு பரவியது. பீலி ஓடு அதற்கு முந்திய வழக்கம். வீட்டில் கள்ளிக்கோட்டை ஓடு இருந்தால் கூரை அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். சுவர் அதைவிடப் பழசாக இருக்கலாம். 1978 நவம்பர் சூறாவளியில் பறந்த கூரைகள் எத்தனையோ. பிறகு சுவரின் தடிப்பைச் சாளரத்தில் கை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தா சீமெந்தா என்று உதிர்ந்த இடத்தில் தெரியும். விறாந்தையை மூடி அறையாக்கியிருந்தால் எப்போது, ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பதிலில் சண்டைக் காலம் வரும்.

கேட்பதை எழுதுங்கள். வீதியின் பழைய பெயர், வீட்டுக்காரர் எப்போது போனார், எந்த வீடு முகாமாக இருந்தது, எது யாருடைய அலுவலகம். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். சீருடைக்காரர் நிற்கும் இடத்தில் கமராவைத் தூக்க வேண்டாம். சண்டை முடிந்ததென்றாலும் எனக்கு இன்னும் அந்த இடங்களில் கை தானாகவே சட்டைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடுகிறது.

கடைசியாக ஓட்டோ பிடித்துக் கல்லடிப் பாலத்துக்குப் போனோம். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1920களில் கட்டிய இரும்புப் பாலம். ஒரு வாகனம் மட்டும் போகும் அகலம். 2013இல் யப்பான் உதவியோடு பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டது. பழையதில் மக்கள் காற்று வாங்க வருகிறார்கள். பூரணை இரவில் இதன் கீழேதான் மீன் பாடுகிறது என்பார்கள்.

பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடும் மீனைப் பற்றி நான் தொடங்க, அவர் என் கொப்பியைக் கேட்டார். நான் எழுதியதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"கச்சேரி வாசலில நாங்க இருந்த மரத்த எழுதேல்ல" என்றார். "வரிசை அங்கயிருந்துதான் தொடங்கும். அதையும் போடு."