தலைமடையும் கடைமடையும்: வலைச் சர்வரில் ஒரு பழுது

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தேங்கி, வாய்க்கால் வழியே வயலுக்கு வருகிறது. வாய்க்காலில் ஓடும் தண்ணீரைத் தலைமடைக்காரர் முழுவதும் தம் வயலுக்கே திருப்பிக்கொண்டால், கடைமடைக்காரர் எவ்வளவு நேரம் மண்வெட்டியோடு காத்திருந்தாலும் பயனில்லை. இது நம் மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்தி. இதே வழக்கு கணிப்பொறிக்குள்ளும் நடக்கிறது. அது எப்படி நேர்கிறது, அதைத் தீர்ப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோரிக்கை என்பது யாது?

இணையத்தில் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போதும், ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பும்போதும் நம் கருவி தொலைவிலுள்ள சர்வருக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. கோரிக்கையின் முதற்பகுதி தலைப்பு. எந்தப் பக்கம் வேண்டும், பின்னால் எத்தனை பைட் வருகிறது என்பன போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். ஒரு வெற்று வரிக்குப் பின் வருவது உடற்பகுதி. பக்கத்தைப் பார்ப்பதற்கான 'கெட்' கோரிக்கையில் பொதுவாக உடற்பகுதி இராது. படிவத்தை அனுப்பும் 'போஸ்ட்' கோரிக்கையில் உண்டு. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், சான்றிதழின் படம் எல்லாம் அதில்தான் வருகின்றன.

இந்த உடற்பகுதி ஒரே மூச்சில் வந்து சேர்வதில்லை. சிறு சிறு துண்டுகளாக வருகிறது. சர்வர் அவற்றை வரவரப் படிக்கிறது. ஆகவே இதனை 'ஸ்ட்ரீம்', அதாவது ஓடை என்கின்றனர். படித்த துண்டு ஓடையை விட்டு நீங்கிவிடும். ஏன் இப்படி அமைத்தார்கள்? ஆயிரம் பேர் ஆளுக்கு 5 மெகாபைட் கோப்பை ஒரே நேரத்தில் அனுப்பினால், அனைத்தையும் பிடித்துவைக்க 5,000 மெகாபைட் நினைவகம் தேவைப்படும். வரவரப் படித்து அனுப்பிவிட்டால் சிறிதளவு இடமே போதும். ஓடை என்பது சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு.

இடையில் நிற்பவர்கள்

கோரிக்கை நேராக முதன்மை நிரலிடம் போவதில்லை. இடையில் 'மிடில்வேர்' எனப்படும் சிறு நிரல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று வருகையைப் பதிவேட்டில் குறிக்கும். ஒன்று அனுப்பியவர் யாரெனச் சரிபார்க்கும். மற்றொன்று உடற்பகுதியைப் பிரித்து அடுக்கும். பைதான் மொழிக்கு 2003ஆம் ஆண்டில் எழுதப்பட்ட டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. விதியிலும் மிடில்வேருக்கு இடம் உண்டு.

பதிவேடு எழுதும் நிரல், 'என்ன வந்தது என்று குறித்துவைப்போம்' எனக் கருதி ஓடையைக் கடைசித் துளி வரை படித்துவிடுவதாகக் கொள்வோம். அடுத்து நிற்கும் முதன்மை நிரலுக்கு என்ன கிடைக்கும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

பழுதின் மூன்று முகங்கள்

முதலாவது, வெறுமை. பி.எச்.பி. மொழியில் 2014இல் வந்த 5.6ஆம் பதிப்புக்கு முன், உள்ளீட்டு ஓடையை ஒருமுறைதான் படிக்க முடியும். இரண்டாம் முறை படித்தால் ஒன்றும் இராது. மாணவி பெயரை எழுதித்தான் அனுப்பியிருப்பாள். சர்வரோ 'பெயரை நிரப்புக' என்று பதில் சொல்லும்.

இரண்டாவது, வெளிப்படையான மறுப்பு. ஜாங்கோ என்னும் கட்டமைப்பு, 'ஓடையிலிருந்து படித்த பின் உடற்பகுதியைக் கேட்க இயலாது' என்ற பொருளில் பிழை காட்டும். காரணத்தையே சொல்லிவிடுவதால் இதுவே நமக்கு நல்லது.

மூன்றாவது, முடிவில்லாக் காத்திருப்பு. நோட்.ஜே.எஸ். போன்றவற்றில் ஓடை முடிந்ததற்கான அறிவிப்பு ஏற்கெனவே வந்து போயிருக்கும். பின்னால் வந்த நிரல் அந்த அறிவிப்புக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கோரிக்கையை வேறொரு சர்வருக்குத் திருப்பிவிடும் இடங்களிலும் இது நேரும். தலைப்பில் '2,000 பைட் வருகிறது' என்று இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. அடுத்த சர்வர் அந்த 2,000 பைட்டை எதிர்பார்த்து நிற்கும். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர், வேறு கட்டளை இல்லாவிடில் 60 வினாடி பொறுத்துவிட்டு, 504 என்னும் பிழை எண்ணைக் காட்டிவிடும்.

கண்டறிவது எப்படி?

பக்கங்கள் எல்லாம் நன்றாகத் திறக்கின்றன, படிவம் அனுப்பும்போது மட்டும் தவறுகிறது என்றால் ஓடையை ஐயுறலாம். சிக்னல் குறைவால் வரும் தடை சிலவேளை வரும், சிலவேளை வராது. இந்தப் பழுதோ ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும். மிடில்வேர்களை ஒவ்வொன்றாக நீக்கிச் சோதித்தால், எதை நீக்கியதும் படிவம் போய்ச் சேருகிறதோ அதுவே தண்ணீரைக் குடித்த தலைமடை.

தீர்க்கும் வழிகள்

1. தேவையின்றிப் படிக்கலாகாது. பதிவேட்டுக்குத் தலைப்பில் உள்ள செய்தி போதுமென்றால், உடற்பகுதியைத் தொடவே கூடாது.

2. வரிசையை மாற்றுக. கோரிக்கையை வேறு சர்வருக்குத் திருப்பும் நிரலை, உடற்பகுதியைப் பிரிக்கும் நிரலுக்கு முன்னால் நிறுத்தினால் ஓடை முழுமையாகப் போய்ச் சேரும்.

3. ஒருமுறை படித்துத் தேக்கிவைத்து அனைவருக்கும் கொடுக்க வேண்டும். வாய்க்காலுக்கு ஏரி எப்படியோ, ஓடைக்கு 'பஃபர்' அப்படி. ஏ.எஸ்.பி. நெட் கோர் கட்டமைப்பில் இவ்வாறு தேக்கும் வசதியை இயக்கி, படித்து முடித்ததும் படிக்கும் இடத்தைத் தொடக்கத்துக்கே திருப்பி வைக்க வேண்டும். திருப்ப மறந்தால் பழைய பழுதே மீளும். எக்ஸ்பிரஸ் கட்டமைப்பில், உடற்பகுதியைப் பிரிப்பதற்கு முன்பே மூல பைட்டுகளைப் படியெடுத்து வைக்க வழி உண்டு. பணப் பரிமாற்றச் செய்திகளின் மின்முத்திரையைச் சரிபார்க்க இது இன்றியமையாதது. பிரித்ததை மீண்டும் கோத்தால் ஓர் இடைவெளி மாறினாலும் முத்திரை பொருந்தாது.

ஏரிக்கும் ஓர் அளவு உண்டு. கோமுகி அணையின் உயரம் 46 அடி. அதற்கு மேல் தேக்க இயலாது. அதுபோல் எக்ஸ்பிரஸின் பிரிப்பான், நாம் மாற்றாவிடில் 100 கிலோபைட்டுக்கு மேல் ஏற்காமல் 413 என்னும் பிழை எண்ணைத் தரும். ஜாங்கோ 2.5 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளை நினைவகத்தில் வையாது வட்டில் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும். அளவின்றித் தேக்கினால் சர்வரே மூழ்கிவிடும்.

யாருக்காக இந்தக் கவனம்?

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோருக்குச் சேர்க்கை, உதவித்தொகை, தேர்வு என எல்லாக் கதவுகளும் இன்று இணையப் படிவத்தின் வழியேதான் திறக்கின்றன. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பேருந்தில் இறங்கிவந்து, கணினி மையத்தில் பணம் கொடுத்து, கடைசி நாளில் படிவம் அனுப்பும் மாணவிக்கு, 'மீண்டும் முயல்க' என்று மட்டும் சர்வர் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? தான்தான் தவறாக நிரப்பினோம் என்றோ, ஊரில் சிக்னல் சரியில்லை என்றோ நினைப்பாள். எத்தனை முறை முயன்றாலும் அந்தப் படிவம் போகாது. அவள் எழுதியது ஒவ்வொரு முறையும் சர்வரின் வாசல்வரை சரியாக வந்து, வாசலுக்கு உள்ளேதான் தொலைகிறது.

நாளை நம்மில் பலர் நிரல் எழுதப் போகிறோம். எழுதி முடித்ததும் முகப்புப் பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஒரு படிவத்தை முழுமையாக நிரப்பி, ஒரு சான்றிதழையும் இணைத்து அனுப்பி, அது கடைசி நிரல்வரை சென்று சேர்ந்ததா என்று பார்ப்போமாக.