ஈரமண்ணும் மின்சாரமும்

வீட்டின் பின்புறம் ஒரு கிணறு. அருகே நீரிறைக்கும் மோட்டார். நான்கைந்து வாழை, ஒரு முருங்கை. இரவில் ஒளிதர ஒரு விளக்கு. தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் நாம் பரவலாகக் காணும் தோட்டம் இது. இதற்கு மின்சாரம் எவ்வாறு வருகிறது என்று உற்று நோக்குங்கள். பல வீடுகளில் சன்னல் வழியே புறப்படும் ஒரு கம்பி, இடையிடையே நாடா சுற்றிய ஒட்டுகளுடன், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு செல்கிறது. கோடையில் தீங்கற்றதாகத் தோன்றும் அக்கம்பி, ஐப்பசி மழையில் உயிரைப் பறிக்கக்கூடும்.

வீட்டிற்குள் பெரும்பாலும் உலர்ந்த தரையில் நிற்கிறோம். தோட்டத்திலோ வெறுங்காலுடன் ஈரமண்ணில் நிற்கிறோம். நனைந்த தோலின் மின்தடை பெரிதும் குறைந்துவிடும். அந்நிலையில் உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்வோம். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஓம் விதிப்படி உடல்வழிப் பாயும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்துடிப்பைக் குலைக்க இதைவிடக் குறைந்த அளவே போதும்.

'மின் உருகி நம்மைக் காக்காதா?' என்னும் வினா எழலாம். 6 ஆம்பியர் அளவுள்ள உருகி, மின்னோட்டம் அவ்வளவைக் கடந்தால்தான் உருகும். உடல்வழிப் பாயும் 0.23 ஆம்பியரோ, 60 வாட் குண்டு விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தினும் சற்றுக் குறைவு. ஒரு விளக்கு எரிவதும் ஓர் உயிர் துடிப்பதும் அவ்வுருகிக்கு ஒன்றே. அளவு மீறிய மின்னோட்டத்தால் கம்பி தீப்பற்றாமல் தடுப்பதே அதன் பணி. மனிதரைக் காப்பது அதன் பணியன்று.

அப்பணிக்கு அமைந்தது மின்கசிவுத் துண்டிப்பான். மின்பணியாளர் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். மின்சுற்றில் சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என இது இடைவிடாது ஒப்பிடுகிறது. ஒரு பகுதி உடல்வழியே மண்ணுக்குக் கசிந்தால் அச்சமநிலை குலையும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், நொடியின் சிறு பகுதியில் இணைப்பு துண்டிக்கப்படும். ஆயினும், ஒருவர் இரு கம்பிகளையும் ஒருசேரப் பற்றினால் கசிவு ஏற்படாமையால் இக்கருவி அதை உணராது. எனவே, கருவி இருக்கிறது என்னும் துணிவில் கவனத்தைக் கைவிடலாகாது.

அடுத்த காப்பு, 'எர்த்' என நாம் வழங்கும் புவித்தொடுப்பு. மோட்டாரின் உலோக உறையில் மின்சாரம் கசிந்தால், அதனைத் தடையின்றி மண்ணுக்குச் செலுத்துவது பச்சைநிறக் கம்பி. முன்னாளில் சில வீடுகளில் இதனை இரும்புக் குடிநீர்க் குழாயுடன் இணைத்திருந்தனர். அக்குழாய் பழுதாகி நெகிழிக் குழாயாக மாற்றப்படும்போது, புவித்தொடுப்பு எவரும் அறியாமலே அற்றுப்போகிறது. விளக்கு எப்போதும்போல் எரியும், மோட்டாரும் ஓடும், காப்பு மட்டும் இராது. ஆதலால், புவித்தொடுப்புக்கெனத் தனிக்குழி அமைத்தலே முறை.

தோட்டத்திற்குச் செல்லும் கம்பி, உலோகக் கவசமுடைய மின்வடமாக இருத்தல் நன்று. அதனைச் சுமார் 75 சென்டிமீட்டர் ஆழத்தில் மணல்பரப்பில் இட்டு, மேலே செங்கல் அடுக்கி மூடினால் மண்வெட்டியிலிருந்து காக்கலாம். வடம் செல்லும் வழியை வரைந்து வைத்தல் பின்னாளில் உதவும். வெளியில் பொருத்தும் செருகிகளும் விளக்குகளும் மழைநீர் புகாத உறையுடையனவாக இருத்தல் வேண்டும். துணி உலர்த்தும் இரும்புக் கம்பியை விளக்குக் கம்பத்தில் கட்டுவது உயிரிழப்புக்கு வழிவகுக்கும்.

இப்பணிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும். எனினும், மாணவர்களாகிய உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று மாலை, பெரியவர்களின் துணையோடு உங்கள் வீட்டு மின்பலகையைப் பாருங்கள். அதில் மின்கசிவுத் துண்டிப்பான் இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். இணைப்பு உடனே துண்டிக்கப்பட்டால் கருவி செயல்படுகிறது. துண்டிக்கப்படாவிடினும், அக்கருவியே இல்லாவிடினும், அடுத்த மழைக்கு முன் செய்யவேண்டிய முதல்வேலை எது என்பது உங்கள் வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.