பாதி அழுத்திய பிஸ்டன்

ஆயுத பூஜை அன்று பெங்களூரின் பீன்யாவில் லேத் ஓடாது. தும்கூர் சாலையை ஒட்டி 1970களில் வளர்ந்த இந்தத் தொழிற்பேட்டையில் மற்ற நாட்களில் ஓயாமல் கேட்கும் கடைசல் சத்தமும் பிரஸ் அடிக்கும் சத்தமும் அடங்கிவிடும். ஷெட்டுக்கு ஷெட்டு வாழைக்கன்று, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் உடைத்த பூசணிக்காய். அந்த அமைதியில் ஒரு பேண்டு செட் வாசிக்கத் தொடங்கினால் மூன்று தெரு தள்ளியும் கேட்கும். பிள்ளையார் ஊர்வலம், மாப்பிள்ளை அழைப்பு, நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவம் என்று பெங்களூரின் எந்தத் தெருக் கொண்டாட்டத்துக்கும் பேண்டுக்காரர்களைக் கூப்பிடுவார்கள். டிரம்பெட், யூபோனியம், கிளாரினெட் அல்லது சாக்ஸபோன், சைடு டிரம், பேஸ் டிரம், சில சமயம் கூடவே உள்ளூர்த் தமட்டெ. ‘வாதாபி கணபதிம்’ முடிந்ததும் கன்னட நடிகர் ராஜ்குமாரின் படப் பாட்டு வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இளையராஜா வருவார்.

பழையதும் புதியதும் கலக்கின்றன என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பாட்டு வரிசையைப் பார்த்துத்தான். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிவது டிரம்பெட் வாசிப்பவரின் உதட்டிலும் வலக்கையின் மூன்று விரல்களிலும் நடப்பது. அதைப் புரிந்துகொள்ள அந்தக் கருவியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டிரம்பெட் என்பது மடக்கி வைத்த பித்தளைக் குழாய். நிமிர்த்தினால் ஏறத்தாழ 148 செ.மீ. இருக்கும். வாசிப்பவர் அதற்குள் சும்மா ஊதுவதில்லை. மவுத்பீஸில் உதடுகளைப் பொருத்தி, இறுக்கி, அதிரவிடுகிறார். குழாய்க்குள் இருக்கும் காற்று, தன் நீளத்துக்குப் பொருந்தும் சில சுரங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு ஒலிக்கிறது. உதட்டை இன்னும் இறுக்கினால் சுரம் தாவும்: சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம், அதற்கு மேல் காந்தாரம், மறுபடி பஞ்சமம். இடையில் உள்ளவை கிடைக்காது. நம் கோயில் எக்காளமும் கொம்பும் இந்த எல்லைக்குள் ஒலிப்பவைதான்.

1818இல் ஜெர்மனியில் ஸ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்ற இருவர் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்று நாம் பார்க்கும் பிஸ்டன் வால்வுக்கு வடிவம் கொடுத்தவர் பாரிஸைச் சேர்ந்த பெரினே. அது 1830களின் இறுதியில். பிஸ்டனை அழுத்தினால் காற்று ஒரு கிளைக் குழாயைச் சுற்றிக்கொண்டு வரும், குழலின் நீளம் கூடும், சுரம் இறங்கும். நடு வால்வு சுமார் 9 செ.மீ. சேர்த்து ஓர் அரைச்சுரம் இறக்கும். முதல் வால்வு 18 செ.மீ. சேர்த்து இரண்டு அரைச்சுரம் இறக்கும். மூன்றாவது சுமார் 28 செ.மீ., மூன்று அரைச்சுரம். இவற்றை மாற்றி மாற்றி அழுத்தினால் பன்னிரண்டு சுரங்களும் கைக்கு வந்துவிடும்.

ஆனால் கணக்கு முழுதாக நேராவதில்லை. முதல் இரண்டு வால்வுகளையும் சேர்த்து அழுத்தும்போது தேவைப்படும் நீளம் 28 செ.மீ.; கிடைப்பதோ 27. அந்த ஒரு செ.மீ. குறைவால் சுரம் லேசாக ஏறி நிற்கும். தேர்ந்தவர் தாடையைத் தளர்த்தி, உதட்டால் அதை இழுத்து இறக்குவார். நம் இசை உள்ளே நுழைய வழி விட்டது இந்த உதட்டு வேலைதான்.

வால்வு தருவது படிக்கட்டு. சுரத்தை அசைக்கும் கமகமோ படிகளுக்கு இடையில் வாழ்வது. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி ஊதினால் அது தோடியே அல்ல. ஆகவே பேண்டுக்காரர் பிஸ்டனைப் பாதி மட்டும் அழுத்துகிறார். அப்போது பிஸ்டனில் உள்ள துளையும் குழாயின் வாயும் நேருக்கு நேர் பொருந்தாமல், காற்று போகும் வழி குறுகிவிடும். குழாய் ‘இந்தச் சுரம்தான்’ என்று உதட்டைப் பிடித்து வைத்திருந்த பிடி தளரும். அந்த நொடியில் உதடு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். நாகஸ்வரக்காரர் துளையை விரலால் அரைகுறையாக மூடி, சீவாளியில் உதட்டின் அழுத்தத்தை மாற்றிச் செய்யும் காரியத்தின் மறுவடிவம் இது. பாதி அழுத்தத்தில் ஒலி கொஞ்சம் அமுங்கிப்போகும் என்பது மட்டுமே குறை.

இந்தச் சிக்கலை இன்னொரு பக்கத்திலிருந்தும் நம்மவர்கள் அணுகியிருக்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டு சுர சாகித்யங்கள். அசைவு குறைந்த சங்கராபரணம் அவற்றுக்குத் தோதாக அமைந்தது. பிரிட்டனின் அரச கீதம்கூட அவரிடம் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. பிற்காலத்தில் பட்டணம் சுப்பிரமணிய ஐயர் கதனகுதூகலத்தில் செய்த ‘ரகுவம்ச சுதா’, பேண்டுக்கென்றே பிறந்ததுபோல் துள்ளும். தெரு பேண்டுகளில் ஹம்சத்வனியும் மோகனமும் அடிக்கடி கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சுரங்கள் நிமிர்ந்து நிற்கும் ராகங்களில் வால்வு பெரிதாகத் தடுக்காது.

கர்நாடகத்தில் இந்தக் கலவைக்கு அரண்மனை ஆதரவும் இருந்தது. மைசூர் அரண்மனையின் பேண்டு மரபு இன்று மாநிலக் காவல்துறையிடம் இருக்கிறது. அங்கே ஆங்கில பேண்டு ஒன்று, கர்நாடக இசைக்கென்றே தனி பேண்டு ஒன்று. அந்த அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மனம் பறிகொடுத்த சிறுவன்தான் கத்ரி கோபால்நாத். அப்பா தனியப்பா நாகஸ்வரக் கலைஞர். 1846இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி பித்தளையில் செய்யப்பட்டாலும் அதைப் பேசவைப்பது நாணல் பட்டை. அதனால் கமகத்துக்கு டிரம்பெட்டைவிட எளிதாக வளையும். 1994இல் அவர் வாசித்த ‘டூயட்’ படம் வந்தபோது தமிழ்நாடே அதைக் கேட்டது. கத்ரிக்குக் கிடைத்த மேடை தெரு பேண்டின் டிரம்பெட்காரருக்குக் கிடைக்கவில்லை. ஊர்வலம் முடிந்ததும் அவர் பேரைக்கூட யாரும் கேட்பதில்லை. அதே உதட்டு வித்தையை வெயிலில், நடந்துகொண்டே, பட்டாசுப் புகைக்கு நடுவில் செய்கிறவர் அவர்.

அவர் கையில் இருப்பது அநேகமாக மீரட்டில் செய்த கருவி. அங்கே ஜாலி கோட்டி பகுதி பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போனது. நாதிர் அலி கம்பெனி 1885 முதல் இயங்குகிறது. கருவியின் உயிர் பிஸ்டன். உறைக்கும் அதற்கும் இடையே மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு இடைவெளிதான் இருக்கலாம். கூடினால் காற்று கசியும், குறைந்தால் தூசி பட்டதும் சிக்கிக்கொள்ளும்.

லெபனானைச் சேர்ந்த நாசிம் மாலூஃப் 1960களில் அரபு இசைக்காக டிரம்பெட்டில் நான்காவது வால்வு ஒன்றைச் சேர்த்தார். அது கால் சுரம் தரும். அவர் மகன் இப்ராகிம் மாலூஃப் இன்று அதை உலகமெங்கும் வாசிக்கிறார். நமக்கு வேண்டியது இன்னொரு படி அல்ல. பாதியில் நிறுத்தினாலும் ஒலி அமுங்காத பிஸ்டன். துளையின் விளிம்பை எப்படிச் சரித்தால், எந்த வடிவில் குடைந்தால் அது கிடைக்கும் என்று செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜாலஹள்ளியில் 1953இல் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் அக்கம்பக்கத்தில் மைக்ரான் கணக்கில் கடையப் பழகிய ஊர் பீன்யா. ஆயுத பூஜை முடிந்து மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும் வாரத்தில், ஏதாவது ஒரு ஷெட்காரர் தன் வாசலில் வாசித்த டிரம்பெட்காரரை உள்ளே அழைத்து, லேத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, நான்கைந்து மாதிரி பிஸ்டன்களைக் கடைந்து கொடுத்து ஊதச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. செலவு அதிகம் ஆகாது. எது சரி என்பதை அவர் உதடு சொல்லிவிடும்.