யுவான் சுவாங்குக்கு யார் ஸ்பான்சர்?

கி.பி. 640 வாக்கில் காஞ்சிபுரத்துக்கு ஒரு சீன விருந்தாளி வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த யுவான் சுவாங்தான். நரசிம்மவர்ம பல்லவன் ஆண்ட காலம். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இங்கே இருந்ததாக அவருடைய பயண நூல் சொல்கிறது. அவர் சொந்த நாட்டை விட்டுக் கிளம்பிய விதம் அதைவிட வியப்பானது. எல்லை தாண்டக் கூடாது என்று சீன அரசு தடை போட்டிருந்த நேரம். கையில் அனுமதி இல்லை. எல்லைக் காவல் கோபுரம் ஒன்றின் அருகே தண்ணீர் எடுக்கப் போனவர்மேல் அம்பு விட்டார்கள் என்று அவர் சீடர் ஹுய்லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது.

அனுமதியில்லாமல் கிளம்பியவரை நாடு நாடாக வரவேற்றது எப்படி? வழியில் காவோசாங் என்றொரு பாலைவன நாடு. அதன் அரசர் சூ வென்தாய், துறவியிடம் மனம் பறிகொடுத்து, தன் தாயார் முன்னிலையில் அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். வழியிலுள்ள 24 நாடுகளுக்கு 24 கடிதங்கள் எழுதி, ஒவ்வொன்றோடும் ஒரு பட்டுச் சுருளை வைத்து அனுப்பினார். அன்றைக்குப் பெரும் வல்லரசாக இருந்த துருக்கியப் பேரரசருக்கு எழுதிய கடிதம் தனி: இவர் என் தம்பி, என்னிடம் காட்டும் பரிவை இவரிடமும் காட்டுங்கள் என்பது அதன் சாரம். வழிச்செலவுக்குத் தங்கமும் வெள்ளியும் கொடுத்தார்.

வருகிறவர் யார், அவருக்கும் கடிதம் எழுதியவருக்கும் என்ன உறவு, செலவு யாருடையது, யாருடைய பேச்சை நம்பி உள்ளே விடுவது. இத்தனைக்கும் அந்தக் கடிதக் கட்டில் பதில் இருந்தது. இன்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர், ஊரில் இருக்கும் மனைவியையோ கணவரையோ சில வாரங்களுக்கு அழைத்துக்கொள்ள விசிட்டர் விசா கேட்கும்போது வைக்கிற ஆவணக் கட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: வந்தவர் திரும்பிப் போவாரா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் அனுபவம் பெற்று ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகிறவர்கள் காஞ்சிபுரம் பக்கம் நிறைய. அவர்கள் வீட்டில் இந்தக் கட்டைத் தயார் செய்யும்போது பேச்சு எப்போதும் எண்ணிக்கையைப் பற்றியே இருக்கும். எத்தனை பக்கம், எத்தனை போட்டோ, எத்தனை மாத ஸ்டேட்மெண்ட்? அந்தக் கவலை தப்பான இடத்தில் இருக்கிறது. முகம் தெரியாத அதிகாரி ஒருவர், பார்த்தறியாத ஒரு தம்பதியை, சில காகிதங்களை வைத்துக்கொண்டு நம்புகிறார். அந்த நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால், பக்கங்களின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பு குறைவு என்பது புரியும்.

முதலில், காகிதத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று எப்படித் தெரியும்? காஞ்சிப் பல்லவர்கள் இதற்கு விடை வைத்திருந்தார்கள். இரண்டாம் நந்திவர்மன் கொடுத்த காசாக்குடிச் செப்பேடு மொத்தம் 11 ஏடு. ஏடுகளில் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனையும் சேரும் இடத்தில் அரச முத்திரையைப் பதித்துவிடுவார்கள். நடுவில் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ வேண்டுமானால் வளையத்தை வெட்ட வேண்டும், வெட்டினால் தெரிந்துவிடும். அதோடு விடவில்லை. தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றி நடந்து, எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். செப்பேட்டில் எழுதியதை ஊரார் போய் மண்ணில் சரிபார்க்கலாம்.

இன்றைய பாஸ்போர்ட்டில் வளையத்தின் வேலையைக் கணக்கு செய்கிறது. படம் உள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 எழுத்தாக இரண்டு வரிகள் இருக்கும். அவற்றில் பிறந்த தேதியின் ஆறு இலக்கங்களுக்குப் பின்னால் ஏழாவதாக ஒரு இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளை எடுத்துக்கொள்வோம்: 1909 செப்டம்பர் 15. ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் 090915. இந்த இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 0, 27, 0, 63, 3, 5. கூட்டினால் 98. பத்தால் வகுத்தால் மீதி 8. ஆகவே அந்த இடத்தில் 8 இருக்க வேண்டும். தட்டச்சு செய்பவர் கை தவறி 15-ஐ 51 என்று அடித்தால் கூட்டுத்தொகை 106, மீதி 6. இயந்திரம் உடனே கண்டுபிடித்துவிடும். ஏதோ ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இந்தக் கணக்கு ஒருபோதும் ஏமாறாது. 7, 3, 1 மூன்றுக்கும் பத்தோடு பொது வகுத்தி இல்லை என்பதே காரணம். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. ஐந்து வித்தியாசம் உள்ள இரு இலக்கங்கள், உதாரணமாக 1-ம் 6-ம், அடுத்தடுத்து நின்று இடம் மாறிக்கொண்டால் மீதி மாறாது.

இது கைத்தவறுக்கான காவல் மட்டுமே. மோசடிக்காரருக்கும் பெருக்கல் தெரியும். அதனால்தான் சில்லு பதித்த இ-பாஸ்போர்ட் வந்தது. சென்னை அலுவலகம் 2025-ல் வழங்கத் தொடங்கியது. சில்லில் உள்ள பெயர், பிறந்த தேதி, முகப்படம் எல்லாவற்றையும் ஒரு கணித முறை குறுகிய எண்ணாகப் பிழிந்தெடுக்கும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அந்த எண்ணின்மேல் அரசு தன் ரகசியச் சாவியால் கையொப்பம் இடுகிறது. அதைச் சரிபார்க்கும் சாவி ரகசியமானது அல்ல. எந்த நாட்டு விமான நிலையமும் வைத்திருக்கலாம். எவரும் சோதிக்கலாம், அரசைத் தவிர எவரும் போட முடியாது. பகா எண்களையும் அவை போன்ற கடினமான கணிதத்தையும் வைத்து மனிதர்கள் இப்படியொரு முத்திரையைச் செய்துவிட்டார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

திருமணச் சான்றிதழில் சில்லு கிடையாது. வெளிநாடு அதை எப்படி நம்பும்? 1961-ல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. அதன்படி வெளியுறவு அமைச்சகம் சான்றிதழின்மேல் அப்போஸ்டில் என்ற முத்திரையைச் சேர்க்கும். கையொப்பமும் பதவியும் உண்மை என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல. எல்லா விசிட்டர் விசாவுக்கும் அது தேவையும் இல்லை. அந்தந்த நாட்டின் பட்டியலைப் பார்த்த பிறகு செலவு செய்தால் போதும்.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றிலும் முக்கியமானது: உறவு உண்மையானதா? இங்கிலாந்து விசா அதிகாரி குற்ற வழக்கு நீதிபதி மாதிரி ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை. எது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு என்று எடை போடுகிறார். இந்த எடை போடுதலுக்கு ஒரு கணிதம் உண்டு. தாமஸ் பேய்ஸ் இறந்த பிறகு 1763-ல் வெளியான அவருடைய கட்டுரையில் அதன் வித்து இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு சான்று, பொய்த் தம்பதியைவிட உண்மைத் தம்பதியிடம் இருக்க நான்கு மடங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று சாராத மூன்று சான்றுகள் இருந்தால் நான்கைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 64 மடங்கு. பாதிக்குப் பாதி சந்தேகத்தோடு தொடங்கிய அதிகாரி 98 சதவீதத்துக்கு மேல் நம்பிக்கைக்கு வந்துவிடுகிறார். அந்த மூன்றும் ஒரே மூலத்தின் நகல்கள் என்றால்? நான்கு மடங்கிலேயே நின்றுவிடும். நம்பிக்கை 80 சதவீதம்.

ஒரே முகூர்த்தத்தில், ஒரே பட்டுப்புடவையில் எடுத்த நூறு போட்டோ ஒரு சான்றுதான். பதிவாளர் கொடுத்த சான்றிதழ், மாதாமாதம் வீட்டுக்கு வந்த பணத்தின் வங்கிப் பதிவு, போன வருஷம் அழைப்பவர் ஊருக்கு வந்ததற்கான பாஸ்போர்ட் முத்திரை, இவை மூன்றும் மூன்று வேறு கைகள் எழுதியவை. அவை ஒன்றோடொன்று கலந்து பேசி எழுதவில்லை. ஆனாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. காஞ்சிப் பட்டின் கோர்வையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வோர் இழையிலும் பின்னிக்கொள்வதால் புடவை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது. நல்ல ஆவணக் கட்டின் பலமும் அப்படிப்பட்டது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று விழுந்த சில லட்சங்கள் ஏன் சந்தேகம் கிளப்புகின்றன என்பதும் இதிலிருந்தே விளங்கும். அந்தத் தொகையோடு சம்பளச் சீட்டோ வரிக் கணக்கோ பின்னிக்கொள்ளவில்லை.

அழைப்பவரின் வார்த்தைக்கும் எடை வேண்டும். ஜெர்மனியில் அழைப்பவர் அயல்நாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் போய், வருகிறவருக்காக அரசு செலவழிக்க நேர்ந்தால் நான் திருப்பிக் கட்டுவேன் என்று எழுதித்தரும் முறை உண்டு. அந்தப் பொறுப்பு ஐந்து ஆண்டு நீடிக்கும். சொல்வது பொய்யானால் சொன்னவருக்கு இழப்பு என்னும்போதுதான் சொல்லுக்கு மதிப்பு ஏறுகிறது. சூ வென்தாயின் கடிதத்தோடு பட்டும் போனதில் அதே தர்க்கம் இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்த இழை அறுந்துவிடும் இடம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராக விரியும். கல்யாணத்துக்குப் பிறகு சிலருக்கு அந்த எழுத்தே மாறும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட்டர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது நம் ஊர்க்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பின்னர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று விளக்கம் வந்தது. இயந்திரத்துக்கு இனிஷியல் தெரியாது. இரண்டு எழுத்துக்கோவை அதற்கு இரண்டு மனிதர்கள்.

திருமணமே செல்லாது என்று சட்டம் சொன்ன காலமும் இங்கே இருந்தது. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்களை 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பிள்ளை குட்டியோடு வாழ்ந்த தம்பதிகளின் கையில் ஆவணம் என்று எதுவும் நிற்கவில்லை. 1967-ல் அண்ணா முதலமைச்சராகி, இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார். அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்று எழுதிவைத்தார். 2023-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை உறுதிசெய்தது. உறவு முதலில் வந்துவிடுகிறது, காகிதம் பிறகுதான் வந்து சேர்கிறது. விசா அலுவலகங்கள் இதை மறக்கக் கூடாது.

கடைசிக் கேள்வியான திரும்பி வருவதில் அநியாயமாக மாட்டிக்கொள்கிறவர்கள் வீட்டிலேயே தறி ஓட்டும் பெண்கள். சம்பளச் சீட்டு இல்லை, முதலாளியின் விடுப்புக் கடிதம் இல்லை. ஆனால் அவர்களிடம் சான்று இல்லை என்பது பொய். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் புத்தகம், கூலி வரவான வங்கிக் கணக்கு, நெசவாளர் அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வீட்டு வரி ரசீது, இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கை எழுதியவை. அவற்றை வரிசைப்படுத்தி, இன்னது இதைக் காட்டுகிறது என்று ஒரு பக்கக் கடிதம் மேலே வையுங்கள். தமிழில் மட்டும் இருப்பதற்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு சேருங்கள்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி முகூர்த்தம் முடிந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். விசா கேட்கும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் செய்துவிடுங்கள். அன்றைக்கே ஆதார், பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து, இருவர் பெயரும் ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.